அவல் மட்டும் போகலாம்

வெங்காயம் விலை ஏறிருச்சுன்னா போதும். ரேஷன் கடை வரிசையில நிக்கிற நம்ம வயசுக்காரங்க எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறீங்க. "கவர்மெண்டு ஒரு விலையப் போட்டு, இதுக்கு மேல எவனும் விக்கக்கூடாதுன்னு சொல்லிட்டா என்ன?" கேட்டுட்டு என் மூஞ்சியப் பாக்குறீங்க, என்னமோ நான்தான் டெல்லியில உக்காந்து விலைய ஏத்துறவ மாதிரி. போன வாரமும் கேட்டீங்க. பதில் சொல்ல வாயத் தொறந்தேன். அதுக்குள்ள பாமாயில் வந்துருச்சுன்னு எவனோ கத்த, எல்லாரும் முண்டியடிச்சு ஓடிட்டீங்க. அதான் உக்காந்து எழுதிட்டேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு நிதானமா படிங்க.

எனக்குப் பொருளாதாரம் எல்லாம் தெரியாது. பேரன் காலேஜ்ல அதத்தான் படிக்கிறான். கேட்டா, ஒரு கோடு மேல போகுது, ஒரு கோடு கீழ வருது, ரெண்டும் வெட்டிக்கிற எடந்தான் விலைன்னு வரைஞ்சு காட்டுறான். இருந்துட்டுப் போகட்டும். ஜப்பான்காரன் சண்டை நடந்த காலத்துல, எனக்கு எட்டு வயசு இருக்கும், ஒரு தையில இருந்து ஆவணி வரைக்கும் எங்க வீட்டுல நடந்தது எனக்குத் தெரியும். அத மட்டும் சொல்றேன்.

வல்லத்திராக்கோட்டைக்குக் கெழக்க எங்க ஊரு. அது புதுக்கோட்டை ராஜா சீமை. ஊரத் தாண்டுனா ஒரு வறட்டு ஓடை. ஓடைக்கு அங்கிட்டு வெள்ளைக்காரன் சீமை, தஞ்சாவூர் ஜில்லா. இன்னைக்கு ரெண்டும் ஒரே மாவட்டம், கண்டக்டர் சில்லறை எண்ணிக் குடுக்குறதுக்குள்ள பஸ் ஓடையத் தாண்டிரும். அன்னைக்கு எங்க வீடு இங்கிட்டு, எங்க அப்பா குத்தகைக்கு உழுத வயல் அங்கிட்டு. வயல் ஆவுடையார்கோவில் பக்கத்துப் பெரிய குடும்பத்துக்காரர் ஒருத்தரோடது. வயல்காரர்னுதான் அவர நாங்க சொல்லுவோம். அப்பாவோட அப்பா காலத்துல இருந்து குத்தகை எங்களுக்குத்தான். எழுத்து ஒண்ணும் கிடையாது. ஆவணியில, மழை எறங்குறதுக்கு முந்தி, புழுதியில விதை போட்டிருக்கணும். போடலையா, வயல வேற ஆளுக்கு மாத்தி விட்டுருவாரு. அதுதான் பேச்சு.

அந்தத் தையில கதிர் அறுத்து, களத்துல அடிச்சு, தூத்திக் குவிச்சு வச்சிருந்தோம். நல்ல வெளைச்சல். அப்பத்தான் சேதி வந்துச்சு, சீமை விட்டு சீமை நெல்லு போகக்கூடாதுன்னு. ஓடைக்கரையில ஒரு சவுக்குக் கம்பக் குறுக்கப் போட்டு, பக்கத்துல ஒரு கீத்துக் கொட்டாயக் கட்டி, காக்கிச் சட்டையோட ஒரு காவல்காரர உக்கார வச்சுட்டாங்க.

"நம்ம வயல்ல வெளைஞ்ச நெல்ல நம்ம வீட்டுக்குக் கொண்டு போறதுக்கு எவன்யா என்ன கேக்குறது?"ன்னு அப்பா மூட்டைய ஏத்தி வண்டியக் கட்டிக்கிட்டுப் போனாரு. நானும் மூட்டை மேல உக்காந்து போனேன்.

காவல்காரர் ஒண்ணும் கெட்ட மனுசன் இல்ல. எந்திரிச்சு வந்து மாட்டத் தடவிக் குடுத்தாரு.

"அண்ணே, நெல்லு உங்களோடதுதான். வீடும் உங்களோடதுதான். நடுவுல இருக்குற ஓடைதான் உங்களோடது இல்ல. கோவிச்சுக்காம வண்டியத் திருப்புங்க."

"வீட்டுல ஒல வைக்க அரிசி இல்லப்பா."

"எங்க வீட்டுலயுந்தாண்ணே இல்ல."

அப்பா வண்டியத் திருப்பிட்டாரு. போறப்ப பாடிக்கிட்டுப் போன மனுசன், வரும்போது மாட்ட அடிச்சுக்கிட்டே வந்தாரு.

ஊர்க் கடையில போய்ப் பாத்தா, அரிசிக்கு விலை சிலேட்டுல அழகா எழுதித் தொங்குது. கட்டுப்பாட்டு விலை. கண்ணுல ஒத்திக்கிற மாதிரி சல்லிசான விலை. கடைக்குள்ள அரிசி மட்டும் இல்ல. எங்க ஆத்தா விடுற ஆளா?

"ஏய்யா, இல்லாத அரிசிக்கு என்னத்துக்கு வெலைய எழுதி வச்சிருக்கீரு?"

"அழிச்சா அபராதம் போட்டுருவாங்க ஆத்தா," அப்படின்னாரு கடைக்காரர். "நான் என்ன பண்ண? இந்த வெலைக்கு எவன் கொண்டாந்து எனக்கு அரிசி போடுவான்? நான் வாங்குற வெலையே இதுக்கு மேல போகுது. அதான் எவனும் வண்டிய இங்கிட்டு விட மாட்டேங்குறான். சந்து பொந்துல வேற வெலைக்கு விக்கிறான்."

உங்க வெங்காயக் கேள்விக்குப் பாதிப் பதில் இதுலயே இருக்கு. மீதிக்குப் பொறுங்க.

ரேஷன் கார்டு கேட்டா, இங்கிட்டு, "ஒனக்குத்தான் வயல் இருக்கே, கார்டு எதுக்கு?"ன்னுட்டாங்க. அங்கிட்டுப் போய்க் கேட்டா, "ஒன் வீடு ராஜா சீமையில கெடக்கு, அங்க போய்க் கேளு." இப்படி ரெண்டு வாசல்லயும் வெரட்டுனா மனுசன் எங்க போவான்? அப்பாவுக்கு ரோசம் வந்துருச்சு.

"நெல்லு நம்மகிட்ட வராட்டிப் போகுது. நாம நெல்லுகிட்ட போவோம். கட்டு மூட்டைய."

களத்துல ஒரு கீத்துக் கொட்டகை உண்டு, அறுப்புக் காவலுக்குப் போட்டது. அப்பா, ஆத்தா, அத்தை, நான், நாலு பேரும் அதுக்குள்ள போய்ச் சேந்தோம். அத்தை அப்பாவோட தங்கச்சி. மாமா ரங்கூனுக்குப் பொழைக்கப் போய், சண்டையில சேதியே இல்லாமப் போனதுனால எங்க கூடவே இருந்துச்சு. கொட்டகை வாசல்ல நின்னா எங்க வீட்டுக் கூரை தெரியும். கூரை மேல நாங்க போட்டு வச்ச பூசணிக்கொடிகூடத் தெரியும். ஒரு கூப்பிடு தூரந்தான். ஆனா போக முடியாது.

ஏன் போக முடியாதுன்னா, காவல்காரருக்கு மேல ஒரு அதிகாரி, அந்தாளு பொம்பளைங்க மடியயும் அவுத்துப் பாக்கணும்னு உத்தரவு போட்டுட்டாரு. யாரோ ஒருத்தி மடியில அரிசி கட்டிக்கிட்டுப் போயிட்டாளாம். அத்தை காதுல இது விழுந்ததுதான் தாமசம், "ஆம்பளை முன்னால மடிய அவுத்துக் காட்டித்தான் வீட்டுக்குப் போகணும்னா நான் இங்கயே கெடந்து சாகுறேன்"னு சத்தம் போட்டு உக்காந்துருச்சு. ஆத்தாவும் அப்படியே. பொம்பளைங்க போகலைன்னா நான் எங்க போறது? அப்பா மட்டும் வருவாரு, போவாரு. நான் வாசல்ல நின்னு பூசணிக்கொடியப் பாத்துக்கிட்டு இருப்பேன். அதுல பூத்துச்சு, காய்ச்சுச்சு, எவனோ பறிச்சுக்கிட்டும் போயிட்டான். எல்லாத்தையும் இங்கிட்டு நின்னு பாத்தேன்.

ஒருநாளு, நான் அழுகுறேன்னு அத்தை கொஞ்சம் அவல் இடிச்சுக் குடுத்துச்சு. மிச்சத்த அப்பா துண்டுல முடிஞ்சுக்கிட்டு வீட்டப் பாக்கப் போனாரு. கம்புகிட்ட நிறுத்தி, "என்னண்ணே முடிச்சு?"ன்னு காவல்காரர் கேக்க, "அவலு. ஒரு வாய் போடு"ன்னு இவரு நீட்ட, அவரு வாய்ல போட்டு மென்னுக்கிட்டே யோசிச்சிருக்காரு.

"இது எதுல சேத்தின்னு எனக்குத் தெரியலையேண்ணே. எனக்குச் சொன்னது நெல்லு, அரிசி, நொய்யி. அவலப் பத்தி ஒருத்தனும் ஒண்ணும் சொல்லல."

"அப்ப, அவல் போகலாமா?"

"அவல் போகலாம்."

அப்பா ஓடி வந்தாரு பாருங்க, வேட்டி அவுந்தது தெரியாம. அந்தச் சந்தோசத்த நான் அவர் மூஞ்சியில அப்புறம் பாத்ததே இல்ல. அரிசிக்கு விலைக் கட்டு உண்டு, அவலுக்குக் கிடையாது. அரிசி கெடைக்காத ஊருல அவல் என்ன விலைக்குப் போகும், யோசிச்சுப் பாருங்க! "குவியல் பூராத்தையும் அவலாக்குறோம்"னாரு.

அவல் இடிக்கிறதுன்னா என்னன்னு நம்ம மருமகளுங்களுக்குத் தெரியாது, பாக்கெட்டக் கத்தரிச்சுக் கொட்டுறாளுக. நெல்ல ஊறப் போடணும். தண்ணிய வடிச்சு, வாயகன்ற மண்சட்டியில கொஞ்சம் கொஞ்சமா வறுக்கணும். படபடன்னு ஒண்ணு ரெண்டு பொரிய ஆரம்பிக்கும், அந்தப் பதத்துல அள்ளிச் சூட்டோட உரல்ல கொட்டணும். ஆறுச்சுன்னா நொறுங்கிப் போயிரும். ஆத்தா ஒரு உலக்கை, அத்தை ஒரு உலக்கை, மாத்தி மாத்திப் போடுவாங்க. நடுவுல கைய விட்டுத் தள்ளி விடுறது நான். உலக்கை மேல போறப்ப கை உள்ள போகணும், கீழ வர்றப்ப வெளியில இருக்கணும். இந்த மோதிர விரல் நுனி சப்பையா இருக்கேன்னு கேப்பீங்களே, அது அங்க வாங்கினதுதான்.

மாசி போயி பங்குனி வெயிலு. வெளிய வெயிலு, உள்ள அடுப்பு. புகை போக வழி இல்ல. உமி மூக்குல, கண்ணுல, சோத்துல, பாயில. அத்தைக்கு இருமல் வந்துருச்சு, இருமிக்கிட்டே குத்தும். ஆத்தா ஒருநாள் உலக்கையக் கீழ போட்டுட்டு, "ஜெயிலுக்குப் போனவனுக்குக் கூட ஞாயித்துக்கெழம உண்டுடி"ன்னு சொல்லிட்டு, உடனே திரும்ப எடுத்துருச்சு. சட்டியில நெல்லு கருகிரும்ல. எனக்குக் கனவுல கூட உலக்கைச் சத்தந்தான். வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு அதையே அந்தச் சத்தத்துக்குச் சொல்லிக்கிட்டே கைய உள்ள விட்டு எடுப்பேன். இன்னைக்கும் எங்கயாச்சும் கல்யாண வீட்டுல இடிக்கிற சத்தம் கேட்டா, என் கை தானா மடங்கிக்கிரும்.

மொத வண்டி அவல் புதுக்கோட்டைக்குப் போச்சு. மத்தியானத்துக்குள்ள வித்துத் தீந்துருச்சாம். அப்பா எனக்குச் செவப்புக் கண்ணாடி வளையல், அத்தைக்கு இருமல் சூரணம், ஆத்தாவுக்குச் சேலை, எல்லாம் வாங்கிக்கிட்டு வந்தாரு. கொட்டகையில அன்னைக்குத்தான் சிரிச்சோம். "ராஜாவையும் ஏமாத்தியாச்சு, வெள்ளைக்காரனையும் ஏமாத்தியாச்சு"ன்னு அப்பா மீசையத் தடவிக்கிட்டாரு.

அப்புறந்தான் அந்தப் பேச்சு வந்துச்சு. சர்க்கார் கொள்முதல் வண்டி வரப்போகுதாம், களத்துல இருக்குற நெல்ல அளந்து அவங்க சொல்ற விலைக்கு எடுத்துக்கிட்டுப் போயிருவாங்களாம். அப்பா கொட்டகை மூலையப் பாத்தாரு. அங்க எங்க விதைக்கோட்டை இருந்துச்சு. வைக்கப்பிரிய வட்டமாச் சுத்தி, நடுவுல விதைநெல்லும் வேப்பிலையும் போட்டு இறுக்கிக் கட்டி, மேல சாணி மொழுகி வைப்பாங்களே, அது. ஆத்தா அது மேல ஒரு ஆளக் காலு நீட்ட விடாது.

"அதையும் பிரி," அப்படின்னாரு அப்பா.

ஆத்தா எந்திரிச்சு அதுக்கு முன்னால போய் நின்னுக்கிருச்சு. "இது விதைங்க."

"அளக்க வர்றவனுக்கு விதையும் நெல்லுதான். தூக்கிக்கிட்டுப் போயிட்டா என்னடி பண்ணுவ?"

"விதைய இடிச்சுட்டு ஆவணிக்கு என்னத்த விதைப்பீங்க?"

"கையில காசு இருக்கும். காசு இருந்தா விதை எங்கிட்டு வேணாலும் வாங்கலாம்."

"எல்லாரும் இப்படி இடிச்சுட்டா யார்கிட்ட போய் வாங்குவீங்க?"

"எல்லாப் பயலுமா என்னைய மாதிரி யோசிப்பான்?"

அத்தை ஆத்தாவப் பிடிச்சு ஒதுக்கிக் கூட்டிக்கிட்டுப் போச்சு. அப்பா அருவாளால வைக்கப்பிரிய அறுத்தாரு. நெல்லு கலகலன்னு கொட்டுச்சு, வேப்பிலை வாடையோட. ஆத்தா அன்னைக்கு அழுதுக்கிட்டேதான் வறுத்துச்சு. அப்பாவுக்குப் பொறுக்கல. ஒரு கை அவல அள்ளிக்கிட்டு வந்து ஆத்தா முன்னால நீட்டி, "எதுக்கு அழுகுற? நெல்லு எங்கயும் போயிரல. இந்தா இருக்கு பாரு. உமி மட்டுந்தான் போயிருக்கு"ன்னு சொன்னாரு. ஆத்தா நிமிந்து பாக்கல. நான் பாத்தேன், கேட்டேன், நம்புனேன். எங்க அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனைக்கிற வயசு.

அந்தக் கொள்முதல் வண்டி இருக்கே, அது கடைசி வரைக்கும் எங்க களத்துப் பக்கம் வரவே இல்ல.

எல்லாப் பயலும் எங்க அப்பா மாதிரியே யோசிச்சிருக்கான். ஓடைக்கு அங்கிட்டு வயல் வச்சிருந்த ஒவ்வொருத்தனும் காவல்காரர்கிட்ட அவல் போகலாமான்னு கேட்டிருக்கான், அவரும் போகலாம்னு சொல்லியிருக்காரு. கெழக்க காது குடுத்தா ஊரு ஊரா உலக்கைச் சத்தம். ரெண்டாவது வண்டிக்குப் பாதி விலைதான் கெடைச்சுச்சு. அடுத்த வண்டிக்கு வியாபாரி மூட்டையக்கூட அவுக்கல. "ஐயா, எனக்கே படுக்க எடமில்லாம அவல அடுக்கி வச்சிருக்கேன், நீங்க வேற ஏன்யா?"ன்னு கையெடுத்துக் கும்பிட்டானாம். வண்டி அப்படியே வீட்டுக்கு வந்துருச்சு.

களத்துல நெல்லு தீந்துச்சு. இனிமே எவன் வந்து அளந்தா என்னன்னு, மடிய அவுத்துப் பாக்கச் சொன்ன அந்த அதிகாரியும் மாறிப் போன பிற்பாடு, நாங்க வீட்டுக்கு வந்தோம். வந்து என்ன? வீடு பூரா அவல் மூட்டை. கால் நீட்ட எடம் இல்ல. அத்தை மூட்டைக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒருக்களிச்சுத்தான் படுக்கும். கொட்டகையில அவலுக்கு வேலை செஞ்சோம், வீட்டுல அவலுக்குக் காவல் இருந்தோம். காலையில அவலு, மத்தியானம் அவலு. மொத வெல்லம் போட்டு, வெல்லம் தீந்தப்புறம் உப்புப் போட்டு, அப்புறம் சும்மா தண்ணியில நனைச்சு. வண்டு விழுந்துருச்சு. சூடா ஒரு வாய் சோறு, அதுல கொஞ்சம் ரசம், இத நெனைச்சு நெனைச்சு எச்சில் முழுங்குவேன்.

ஆவணி பொறந்துச்சு. அப்பா வயல உழுது புழுதியாக்கிப் போட்டுட்டாரு. விதைக்கு அலைஞ்சாரு. கையில காசு கொஞ்சம் இருந்துச்சு, அது பொய்யில்ல. அந்தக் காச வாங்கிக்கிட்டு விதை குடுக்க ஆள் இல்ல. போன எடமெல்லாம், "அவல் வேணும்னா இருக்கு"ன்னு சொன்னாங்களாம். கடைசியா குடுமியான்மலைப் பக்கம் ஒரு வெவசாயி கொஞ்சம் விதை வச்சிருக்காருன்னு கேள்விப்பட்டுப் போயி, கால்ல விழாத கொறையா ஒரு மூட்டை வாங்கிட்டாரு. வண்டியில வச்சு ஓடைக்குக் கொண்டு வந்தா, அங்க அதே சவுக்குக் கம்பு.

"விதைப்பா. விதைக்கத்தான் கொண்டு போறேன். அங்கிட்டுத்தானே வயலு?"

காவல்காரர் கண்ணுல தண்ணி வந்துருச்சுன்னு அப்பா சொன்னாரு. "அண்ணே, இது நெல்லு. இங்கிட்டு இருந்து அங்கிட்டும் போகக்கூடாதுண்ணே. என் வேலை போயிரும். பிள்ளகுட்டிக்காரன்."

அந்த மூட்டைய அப்பா குடுமியான்மலைக்கே கொண்டு போய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்தாரு. வீட்டுல வச்சா நாங்க தின்னுருவோம்னு சொன்னாரு. நான்தான் அன்னைக்கே சொன்னேனேன்னு ஆத்தா சொல்லிக் காட்டல. சொல்லியிருந்தாக்கூட அப்பா தாங்கியிருப்பாரு.

மறுநாள் வயல்காரர் வர்றாருன்னு சேதி. அப்பா வயலுக்குக் கெளம்புனாரு. நானும் போனேன், மத்தியானச் சாப்பாட்ட ஓலைப்பெட்டியில வச்சுத் தூக்கிக்கிட்டு. சாப்பாடு என்னன்னு நீங்க கேக்க வேணாம். கம்புகிட்ட காவல்காரர் பெட்டியத் தொறந்து பாத்துட்டு, "அவலா? போ தாயி"ன்னு மூடிக் குடுத்தாரு.

அப்பா வயலச் சுத்திச் சுத்தி நடந்தாரு. அப்புறம் கருவ மரத்தடியில துண்ட விரிச்சு, மூஞ்சியக் கையால மூடிக்கிட்டுப் படுத்துட்டாரு. நான் வரப்புல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். உழுது போட்ட வயலு. மேகம் கூடி இருக்கு. விதை மட்டும் இல்ல. என் மடியில பெட்டி நெறைய அவல். நெல்லு எங்கயும் போயிரல, உமி மட்டுந்தான் போயிருக்கு.

அப்பா விதைக்கிறத நான் வருசா வருசம் பாத்திருக்கேன். இடுப்புல பெட்டிய வச்சுக்கிட்டு, ஒரு எட்டு வச்சு ஒரு வீச்சு. அதே மாதிரி வீசுனேன். பெட்டி காலியாகுற வரைக்கும் வீசுனேன். என் பெட்டிக்கு வயல்ல ஒரு மூலைதான் ஆச்சு. மிச்சத்துக்கு வீட்டுல மூட்டை மூட்டையா இருக்கேன்னு எனக்கு ஒரே சந்தோசம். அந்த ஏழெட்டு மாசத்துல அன்னைக்குத்தான் மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.

வயல்காரர் வந்தாரு. கூட ஒரு ஆளு, மேல்துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு. அந்தாளுகிட்ட விதை இருந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒரு தப்பும் அவர் பேர்ல கிடையாது.

அப்பா பதறி எந்திரிச்சாரு.

"என்னப்பா, விதைச்சாச்சா?"

அப்பா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. நான் ஓடிப் போய் முன்னால நின்னேன்.

"விதைச்சாச்சுங்கய்யா! நாந்தான் விதைச்சேன். அந்தா பாருங்க!"

மூணு பேரும் திரும்பிப் பாத்தாங்க. புழுதியில அந்த மூலை மட்டும் வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. மைனாவும் காக்காவும் கூட்டமா எறங்கித் தின்னுக்கிட்டு இருந்துச்சு. வயல்காரர் நடந்து போயி, குனிஞ்சு, ஒண்ண எடுத்துப் பாத்தாரு. திரும்பி வந்து அத அப்பா உள்ளங்கையில வச்சு, விரல மடக்கி விட்டாரு.

"பிள்ளைய அடிச்சுராத," அப்படின்னு மட்டும் சொன்னாரு. அப்புறம் அந்தப் புது ஆளுக்கு எல்லையக் காட்ட வரப்புல நடந்து போயிட்டாரு.

அப்பா என்னைய அடிக்கல. "அப்பா, அது மொளைக்கும்ல?"னு கேட்டேன். அவரு என்னையத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு நடந்தாரு. நடக்க முடியாத வயசா எனக்கு? இருந்தாலும் தூக்கிக்கிட்டாரு. அவர் தோள் குலுங்குறது எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் அவர் தலையப் பிடிச்சுக்கிட்டேன்.

ஓடைக்கரை வந்துச்சு. பொழுது சாய்ஞ்சிருச்சு. காவல்காரர் எந்திரிச்சு வந்து பழக்கத்துல கேட்டாரு.

"கையில என்னண்ணே?"

அப்பா கைய விரிச்சுக் காட்டுனாரு. வேர்வையில நனைஞ்சு உள்ளங்கையில ஒட்டிக்கிட்டு அந்த ஒத்த அவல் இருந்துச்சு.

"அவலா," அப்படின்னு சொல்லிட்டு, காவல்காரர் கம்பத் தூக்கி விட்டாரு. "போகலாம்ணே."